வஞ்சிரம் மனுஷனை ஏலம் விடுது: வாய் அசையுற மீன் தலை செய்யணும், யோசனை சொல்லுங்க

பீச்_ஸ்டேஷன்:
ஆறு நிமிஷக் குறும்படம். சென்னை காசிமேடு மாதிரி ஒரு மீன் ஏலக்கூடம். ஏலம் விடுறது வஞ்சிரம்: மடிச்சுக் கட்டின லுங்கி, பாக்கெட் வெச்ச பனியன். பெட்டியில ஐஸ் மேல கிடக்கிறது மனுஷங்க. மீனுக்கு வசனம் நிறைய, அதனால வாய் அசைஞ்சே ஆகணும். தெர்மோகோல்ல தலை செதுக்கி, ரப்பர் பசை தடவித் துணி ஒட்டினா, பசை பட்ட இடமெல்லாம் குழி குழியா உள்வாங்கிடுது. இன்னொரு பிரச்சனை, முன்னாடி இருந்து பார்த்தா மீன் மாதிரி இல்லை, கிளி மாதிரி இருக்கு. தலைக்கு மட்டும் 4000 ரூபாய் ஒதுக்கியிருக்கோம். மீன்பிடித் தடைக்காலத்துல துறைமுகம் காலியா இருக்கும்னு மே மாசம் ஷூட்டிங்.

ஊசி_நூல்:
ரப்பர் பசையில இருக்கிற கரைப்பான் தெர்மோகோலைத் தின்னுடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அதையேதான் செய்யும். தெர்மோகோலை விடுங்க. சோபாவுக்குப் போடுற ஃபோம், ஒரு இன்ச் கனம், 28 அல்லது 32 டென்சிட்டி வாங்குங்க. அதுக்கும் கம்மியான டென்சிட்டின்னா ரெண்டு நாள்ல மூக்கு தொங்கும்.

உள்கூடுக்குக் கட்டட வேலை ஹெல்மெட். பின்னாடி திருகி இறுக்குற வகையா பாருங்க, அப்பதான் நடிகர் குனிஞ்சாலும் மீன் தலை இடம் மாறிச் சுத்தாது. அதுமேல ஃபோம் கட்டணும். மூக்கிலிருந்து செவுள் வரை 45 செ.மீ., உயரம் 32, அகலம் 26. மொத்த எடை ஒன்றரை கிலோவைத் தாண்டினா நடிகர் கழுத்து சொல்லிடும்.

பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, விரல்ல ஒட்டாத வரைக்கும் காயவிட்டு (10 முதல் 15 நிமிஷம்), அப்புறம் அமுக்குங்க. ஈரமா இருக்கும்போதே ஒட்டுறதாலதான் பாதி பேருக்குப் பிரியுது. கடல் பக்கத்து வீடுன்னா அதிகாலையில ஒட்டாதீங்க, காத்துல இருக்கிற ஈரம் பசை மேல வெள்ளையா படிஞ்சு பிடிக்காமப் போகும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல அடுப்பு கூடாது. சூட்டுப் பசைத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். மே வெயில்ல நிறுத்தின வேனுக்குள்ள அது இளகி, செவுள் தனியா கையோட வரும்.

வாய்க்கு மோட்டார் தேவையில்லை. கீழ்த்தாடையை ஹெல்மெட்ல காதுக்கு நேரா ஒரு போல்ட்ல தொங்கவிடுங்க. போல்ட்லேருந்து 8 செ.மீ. தள்ளி நடிகரோட மோவாய்க்கு ஒரு பட்டை, தாடை நுனி 24 செ.மீ. தள்ளி. அவர் வாயை 2 செ.மீ. திறந்தா மீன் 6 செ.மீ. திறக்கும். மூடுறதுக்கு மேல்தாடையோட சேர்த்து ரெண்டு பக்கமும் எலாஸ்டிக். பட்டை தொளதொளன்னு இருந்தா முதல் எழுத்துக்கு வாயே திறக்காது, ‘ஆயிரம்’ ‘யிரம்’ ஆயிடும்.

கூறு_கட்டி:
கிளி மாதிரி தெரியுறதுக்குக் காரணம் கண்ணு. வஞ்சிரத்துக்குக் கண்ணு சரியா பக்கவாட்டுல. அப்படியே வெச்சா முன்னாடி இருந்து மூக்கு மட்டும்தான் தெரியும். கண்ணை முன்பக்கமா 15, 20 டிகிரி திருப்புங்க. பக்கவாட்டுல பார்த்தா யாருக்கும் தெரியாது. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பந்தைப் பாதியா வெட்டி, உள்பக்கம் பெயின்ட் அடிங்க. வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கிறதால வெளிச்சம் ஒரு புள்ளியா விழும். அந்தப் புள்ளி இல்லைன்னா அது நேத்து மீன்.

தயவுசெஞ்சு செதில் வரையாதீங்க. வஞ்சிரத்துக்குச் செதில் இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் கடையில தோலோட துண்டு போடுறாங்க. ராயபுரத்துல படம் காட்டினா முதல் வரிசையிலேயே சிரிப்பாங்க, அதுவும் தப்பான இடத்துல. முதுகு நீலச் சாம்பல், கன்னம் வெள்ளி. வெள்ளித் துணி போட்டா வெயில்ல கேமராவுக்கு வெறும் வெள்ளையா தெரியும். கோடவுன் தெருவுல மங்கின சாம்பல் சாட்டின் வாங்கி, காய்ஞ்ச பிரஷ்ல வெள்ளியை லேசா இழுத்தா போதும். பல்லு சின்னச் சின்ன முக்கோணமா.

தலை மட்டும்தான் மீன், கை மனுஷக் கையாவே இருக்கட்டும். துடுப்பு மாட்டினா ரூபா நோட்டு எண்ண முடியாது. ரூபா எண்ணாத ஏலக்காரன் வெறும் கார்ட்டூன். மீன் வாங்குறவங்க செவுளைத் தூக்கிச் சிவப்பா இருக்கான்னு பார்ப்பாங்க இல்ல, அதே மாதிரி வஞ்சிரம் மனுஷனோட காதை மடக்கி உள்ள பார்க்கட்டும். வயித்தை விரலால அமுக்கி, குழி விழுந்தா உதட்டைப் பிதுக்கட்டும். யாரும் சிரிக்கக் கூடாது. காமெடி பண்றோம்னு மீனுக்கே தெரிஞ்சுட்டா அவ்வளவுதான்.

பீச்_ஸ்டேஷன்:
காது விஷயம் அப்படியே ஸ்கிரிப்ட்ல ஏறியாச்சு. உள்ள காத்து எப்படி? பேனாவை எங்க சொருகுறது, மீனுக்குத்தான் காது இல்லையே?

வெந்த_மண்டை:
பேனா செவுள்ல. காத்தும் அங்கேயே. வாய் வழியா உள்ள, செவுள் வழியா வெளிய, மீனுக்குத் தண்ணி போற வழிதான். ரிச்சி தெருவுல 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் கிடைக்கும். 5 வோல்ட்னு கேட்டு வாங்குங்க, பவர் பேங்க்ல நேரா ஓடும். 12 வோல்ட் வாங்கினா நடுவுல வோல்டேஜை ஏத்துற போர்டு தேவைப்படும். ஃபேன் சத்தம் மைக்ல விழும், எப்படியும் டப்பிங்தான்.

மே மாசம் வேண்டாம்னுதான் சொல்வேன். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகு போய் வந்துட்டுதான் இருக்கும். துறைமுகம் நீங்க நினைக்கிற அளவுக்குக் காலியாவும் இருக்காது, ஏலக்களையும் இருக்காது. அக்னி நட்சத்திரத்துல ஃபோம் தலை ஒரு குக்கர். ஜனவரி பாருங்க. மாத்தவே முடியாதுன்னா விடிஞ்சதும் ரெண்டு மணி நேரம் மட்டும் எடுங்க, பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை தலையைக் கழட்டுங்க. பார்வை வாய் வழியாத்தான், கால் கீழே இருக்கிறது தெரியாது. தரையில மீன் தண்ணி வேற. கூடவே ஒரு ஆள் கட்டாயம்.

ஊசி_நூல்:
செவுள் மட்டும் போதாது. சூடு மேலதான் தேங்கும். உச்சந்தலைக்குப் பின்னாடி ஒரு ஓட்டை போட்டுக் கறுப்பு வலை ஒட்டுங்க, ஃபேன் அங்க. உள்ளுக்குப் பருத்தித் துணி, வெல்க்ரோ வெச்சு. தினமும் கழட்டித் துவைக்கலைன்னா மூணாம் நாள் நிஜமாவே மீன் நாத்தம் வரும்.

வெந்த_மண்டை:
சரி, அது நல்லது. ஐஸ்ல கிடக்கிறவங்களுக்கு: கெட்டுப்போன தெர்மோகோலைத் தூக்கிப் போடாதீங்க, அதை அடியில போட்டு, மேல கசக்கின பாலிதீன், அதுமேல ஒரு கை நிஜ ஐஸ். வெறும் ஐஸ்ல தோல் மரத்துப் போகும்.

ஐம்பது_ஹெர்ட்ஸ்:
ஏலக்கூடத்துல டியூப்லைட் எரிஞ்சா ஃபோன் கேமராவை நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50ல பூட்டுங்க. 30, 1/60னு விட்டா நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டுக்குப் படத்துல பட்டை ஓடும். தள்ளி நின்னு ஜூம் பண்ணி, முக்கால் பக்கவாட்டுல எடுங்க. கிட்ட போனா ஹெல்மெட் தெரியும்.

பூனையை நிஜமா ஓடவிடுற யோசனை இருந்தா ரெண்டு தடவை யோசிங்க. நடிக்கவைக்கிற விலங்குக்கு 2001 விதிகள்படி விலங்கு நல வாரியத்துல பதிவு உண்டு. தியேட்டருக்குப் போற படம்னா சென்சார்ல வாரியத்தோட தடையில்லாச் சான்று கேப்பாங்க. வாரியம் இப்ப திருவான்மியூர்ல இல்லை, ஹரியானா போயாச்சு. அதுக்குப் பதிலா ஒரு ஆளுக்குப் பூனைத் தலை மாட்டி, பை கொடுத்து மூலையில நிக்கவைங்க. கழிவு மனுஷன் என்ன விலைன்னு கேக்கட்டும்.