பன்முகத்தன்மையா, பங்கேற்புப் பரம்பலா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கிளினிக்கல் ட்ரயல் எனப்படும் மருத்துவ ஆய்வுகளில் பலதரப்பட்டோரும் பங்கேற்பதை டைவர்சிட்டி என்பர்; நம் சொற்பட்டியலில் அதற்குப் ‘பன்முகத்தன்மை’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அச்சொல் பிழையானதன்று, ஆயினும் திருகோணமலையிலிருந்து பார்க்கும்போது அது போதாது. இங்கே பன்முகத்தன்மை என்றவுடன் நினைவில் எழுவது தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூன்று இனங்களே. அம்மூவரையும் நகரத்துக்குள்ளேயே சேர்த்துவிடலாம். நகரத்துக்கு வெளியே உள்ள வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒருவர்கூட இல்லாத ஆய்வும் அப்போது பன்முகத்தன்மை உடையதென்று பெயர் பெற்றுவிடும்.

ஆகவே ‘பங்கேற்புப் பரம்பல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். குடிப்பரம்பல் (மக்கள் எங்கெங்கு வாழ்கின்றனர் என்பது), மீடிறன் பரம்பல் (ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்பது) என்று இலங்கைப் பாடசாலைகளில் புவியியலிலும் கணிதத்திலும் பழகிய சொல் இது. ஒரு நோய் எந்த வயதினரிடம், எந்தத் தொழில் செய்வோரிடம், எந்த ஊர்களில் பரம்பியிருக்கிறதோ, அந்நோய்க்கான மருந்தை ஆராயும்போது பங்கேற்பாளரும் அவ்வாறே பரம்பியிருக்க வேண்டும் என்ற அளவுகோல் இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டு அன்பர்கள் ‘பரவல்’ என்பதை விரும்பக்கூடும்; ஆனால் கொரோனாக் காலத்துக்குப் பின் அது தொற்று என்றே காதில் விழுகிறது.

இந்த அளவுகோல் வெறும் நீதி சார்ந்ததன்று; ஆய்வில் யார் விடுபடுகிறார்களோ, அவர்களுக்குரிய ஆபத்து தெரியாமலே போகலாம். வலிப்புக்குக் கொடுக்கப்படும் காபமசெபின் என்ற மருந்து பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்த பின்னரே, எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை உடையவர்களுக்கு அது உயிராபத்தான தோல் எதிர்விளைவை உண்டாக்கக்கூடும் என்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்தனர். அவ்வகை பெரும்பாலும் ஆசிய வழியினரிடமே காணப்படுவதால், 2007இல் அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்துநர் அவர்களுக்கு முன்கூட்டிய மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைத்தனர்.

நம் நாட்டிலேயே 2016–2017இல் ட்ரையம்ப் ஆய்வு 700 பேருடன் நடந்தது. மூன்று குருதியழுத்த மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்தபோது, ஆறு மாதங்களில் 70 சதவீதத்தினர் குருதியழுத்த இலக்கை எட்டினர். வழமையான சிகிச்சையில் அது 55 சதவீதம். நான் பெரிதும் மதிக்கும் ஆய்வு அது. ஆனால் அது நடந்த 11 மருத்துவமனைக் கிளினிக்குகளும் நகர்ப்புறத்தவை. கிளினிக் கொப்பியோடு (சிகிச்சைக் குறிப்பேட்டோடு) விடியற்காலையில் பேருந்துக்கு நிற்கும், வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றுப் பெண்ணுக்கும் அதே பலன் கிட்டுமா என்ற கேள்வியைப் பன்முகத்தன்மை என்ற சொல் எழுப்பாது, பரம்பல் எழுப்பும்.

ஆய்வுக்கும் மக்களுக்கும் இடையிலான தொடர்பைக் குறிக்கச் சமூக அணுகல் என்பதைத் தனிச் சொல்லாக வைக்க வேண்டுமா என்றும் கேட்கப்பட்டது. ‘அணுகல்’ என்றால் அணுகவேண்டியவர் நோயாளியே என்றாகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, பாதை எனப்படும் மிதவைக்காகக் காத்திருந்து நகரத்துக்கு வந்த மக்கள் நாங்கள். அணுகுவதற்கு எவ்வளவு செலவாகும், எத்தனை நாட்கூலி போகும் என்பதை அறிவோம். ஆய்வு மக்களிடம் வருவதைக் குறிக்க ‘எட்டுகை’ பொருந்தும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். ஆய்வில் சேர்வோர் கையொப்பமிடும் ஒப்புதற் படிவத்தில் ‘சோதனை’ என்ற சொல் வேண்டாம். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறை அச்சொல்லைப் படித்ததும் படிவத்தை மூடிவிடும். ‘மருத்துவ ஆய்வு’ என்பதே போதும். உலக மருத்துவச் சங்கம்கூட 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை 2024இல் திருத்தியபோது, ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர் என்ற பொருள்படும் சொல்லை நீக்கிப் பங்கேற்பாளர் என்று மாற்றியது.

பரம்பல் என்பதிலிருந்து கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. ஒரு பிரிவினர் உரிய விகிதத்தில் இல்லாமையைப் ‘பரம்பற்குறைவு’ எனலாம். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் பலரிடம் மருந்தை ஆராயும் மூன்றாம் கட்ட ஆய்வுகளுக்குக் கேட்கும் டைவர்சிட்டிச் செயற்றிட்டத்தைப் ‘பங்கேற்புப் பரம்பல் திட்டம்’ எனலாம். ‘பரம்பற்குறைவு’ மலையகத்திலும் தமிழ்நாட்டிலும் விளக்கமின்றிப் புரிகிறதா என்பதை அங்குள்ள அன்பர்கள் நாலு பேரிடம் கேட்டு எழுதுவார்களாயின், சொற்பட்டியலில் சேர்ப்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.