பொன்வண்டு மலைநாட்டுச் சொத்தா?

வடலியான்:
போன கிழமை கண்டிப் பக்கத்து நக்கிள்ஸ் மலைக்குப் போய் வந்த ஒருவர், "பொன்வண்டு வகை வகையாகப் பார்க்க மலைக்குத்தான் போக வேண்டும், யாழ்ப்பாணத்தில் என்ன இருக்கிறது" என்று இங்கே எழுதியிருந்தார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொன்வண்டு வெயில் பூச்சி. மத்தியான வெயிலில்தான் பறக்கும். 1,800 மீற்றர் தாண்டிய சிகரத்தில் பாதி நாள் மூடுபனி, அங்கே அதற்கு என்ன வேலை? சின்ன வயதில் நெருப்புப்பெட்டியில் உடைமர இலை போட்டு நாங்கள் வளர்த்ததெல்லாம் தென்மராட்சிப் பற்றையில் பிடித்தவைதான்.

மலையேறி:
அந்த ஒருவர் நான்தான் அண்ணை. நெருப்புப்பெட்டியில் நீங்கள் வளர்த்தது ஒரே இனம். உலகத்தில் 15,000 இனம் போல இருக்கின்றன. மலை என்றால் உச்சி மட்டுமா? நக்கிள்ஸின் கிழக்கு அடிவாரத்தில் வறண்ட காடு, ஏற ஏற ஈரக்காடு, மேலே காற்றில் குறுகிப்போன குட்டை மரங்கள். புழு மரத்துக்குள் துளைத்து வாழ்வது, அதுவும் பல இனங்களுக்குக் குறிப்பிட்ட சில மரம்தான் ஒத்துவரும். மரம் மாற வண்டும் மாறும். பேரில் மட்டும் மலை வைத்திருக்கிற கீரிமலையில் இது நடக்குமா?

வடலியான்:
கீரிமலையை ஏன் இழுக்கிறீர்கள்? சரி, அங்கே எத்தனை இனம் பார்த்தீர்கள்?

மலையேறி:
மூன்று நாளில் இரண்டு. மழை.

வடலியான்:
நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கொடிகாமத்தாள்:
இரண்டு பேரும் பளிச்சென்று தெரிகிற பெரிய வண்டையே தேடுகிறீர்கள். பொன்வண்டுக் குடும்பத்தில் அக்ரிலஸ் என்ற ஒரே பேரினத்தில் 3,000 இனத்துக்கு மேல் உண்டு. ஒல்லியாக, பெரும்பாலும் ஒரு நெல்மணி அளவில், மங்கிய செப்பு நிறத்தில் இருக்கும். நடந்து போகிறவர் கண்ணில் படாது. குடையைத் தலைகீழாக விரித்து, உள்ளே வெள்ளைத் துணி போட்டு, மேலே கொப்பைத் தடியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்ததும் காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும், குப்பை என்று ஊதிவிடாதீர்கள். போன மாதம் எங்கள் வேலி இலந்தையில் தட்டினேன். ஒன்று விழுந்தது. துணியைச் சரித்தால் பச்சை, நிமிர்த்தினால் செம்பு. அது சாயம் அல்ல, ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புகிற வித்தை. படம் எடுக்கக் கைபேசியைத் தேடுவதற்குள் பறந்துவிட்டது.

மலையேறி:
அக்கா, இதே குடையோடு மலையில் தட்டினால் இன்னும் கூடத்தான் விழும். என் கட்சி அப்படியே நிற்கிறது.

வடலியான்:
அது இருக்கட்டும். புழு மரத்துக்குள் என்றீர்களே, எங்கள் நெருப்புப்பெட்டி வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்வது. பற்றையை வெட்டி நிலத்தைக் கிளறினால் மரமும் போச்சு, புழுவும் போச்சு. நான் பிடித்த இடத்தில் இப்போது மதிலும் கேற்றும் நிற்கின்றன.

மலையேறி:
மிச்சம் இருக்கிற பற்றையைக் காட்டுங்கள், ஞாயிறு வருகிறேன். குடை அக்கா கொண்டுவரட்டும், என்னுடையது மலைக்காற்றில் கம்பி முறிந்து கிடக்கிறது.