இருபது வருடம் வைக்க எந்த டிஸ்க்? எழுதிச் சோதித்தவர்களின் அனுபவப் பகிர்வு

நீலத்தட்டு:
கல்யாண வீடியோ, பழைய படங்களின் ஸ்கேன், பத்திர நகல் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது?" பெட்டியில் இருக்கும் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே பெயரில், ஒரே அட்டையில், வெவ்வேறு தொழிற்சாலைகளின் சரக்கு வருவதுண்டு.

பார்க்க வேண்டியது மீடியா ஐடி. டிஸ்க்கை வார்க்கும்போதே அதில் பதிந்துவிடும் குறியீடு அது. பெட்டி போடுகிறவர் மாற்ற முடியாது. விண்டோஸில் இம்க்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளைத் திறந்து வெற்று டிஸ்க்கைப் போட்டால் வலப்பக்கத்தில் வரும். எம்சிசி 03ஆர்ஜி20 என்றால் மிட்சுபிஷி கெமிக்கலின் 16எக்ஸ் டிவிடி-ஆர். எம்சிசி 004 அதன் டிவிடி+ஆர். டிஒய்ஜி03 என்றால் தாய்யோ யூடென். சிஎம்சி மேக் என்று தொடங்கினால் தைவானின் சிஎம்சி. எம்பிஐ என்று தொடங்கினால் நம் நாட்டு மோசர் பேயர்.

டிரைவும் இந்தக் குறியீட்டைப் படித்துத்தான் லேசரை எந்தச் சக்தியில், எந்தத் துடிப்பில் அடிக்க வேண்டும் என்று தன் ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) தேடும். ஃபர்ம்வேரில் இல்லாத குறியீடு என்றால் பொதுவான ஒரு கணக்கில் எழுதிவிடும். அப்படி எழுதிய டிஸ்க் அன்றைக்கு நன்றாக ஓடும். ஆனால் பிழை எண்ணிக்கை முதல் நாளே கூடுதலாக இருக்கும். அதனால் டிரைவ் வாங்கியவுடன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு டிஸ்க்கைப் பற்றி யோசியுங்கள்.

சாயம்அறிந்தவன்:
மேலே சொன்னது சரி, ஒரு திருத்தம் மட்டும். எம்சிசி என்ற குறியீடு சாயமும் (லேசர் தகவலை எரித்துப் பதியும் படலம்) அச்சும் மிட்சுபிஷியுடையது என்று சொல்லும். எந்த ஆலையில் செய்தது என்று சொல்லாது. மிட்சுபிஷியின் அன்றைய பிராண்டான வெர்பாட்டிம் பெட்டியில் "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று இருந்த டிவிடிகள் மோசர் பேயர் ஆலையில் வந்தவை, அவற்றிலும் எம்சிசி குறியீடுதான். வெர்பாட்டிம் பெயரிலேயே லைஃப் சீரீஸ் என்று ஒரு மலிவு வரிசை உண்டு. அதில் சிஎம்சி குறியீட்டு டிஸ்க்குகள் வந்திருக்கின்றன. பெட்டியில் அசோ (சாயத்தின் வகை) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இணையத்தில் சுற்றும் பழைய "முதல்தரப் பட்டியல்"களை இப்போது அப்படியே நம்பாதீர்கள். தாய்யோ யூடென் 2015 இறுதியோடு டிஸ்க் தயாரிப்பை விட்டுவிட்டது. வெர்பாட்டிம் வணிகம் 2019-இல் சிஎம்சி கைக்குப் போனது. மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. பானசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதக்கூடிய ப்ளூரே தயாரிப்பை நிறுத்தின. கடையில் இன்று பானசோனிக் பெட்டி கிடைத்தால் அது கிடங்கில் இருந்த சரக்கு. எவ்வளவு வெயிலில், எந்தக் கிடங்கில் கிடந்தது என்று தெரியாது. சீல் உடையாத பெட்டியாக இருந்தாலும் முதல் டிஸ்க்கை எழுதி, பிழை எண்ணிக்கையை ஸ்கேன் செய்து பார்த்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

இனி சாயம். சிடி-ஆரில் மூன்று வகை: சயனின், அசோ, தாலோசயனின். சயனின் வெளிச்சத்துக்குச் சீக்கிரம் பலியாகும். தாலோசயனின் மூன்றிலும் உறுதியானது. அதன் மேல் பூசும் பிரதிபலிப்புப் படலம் வெள்ளியா தங்கமா என்பது அடுத்த கேள்வி. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்தால் கறுக்கும், நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு கறுப்பது போலவே. தங்கம் கறுக்காது. கனடாவின் கன்சர்வேஷன் இன்ஸ்டிட்யூட் தரும் கணக்கில் தாலோசயனினும் தங்கமும் சேர்ந்த சிடி-ஆர் 100 வருடத்துக்கு மேல். வெள்ளிப் படல டிவிடி-ஆர் 10 முதல் 20 வருடம். டிவிடி+ஆர் 20 முதல் 50. இரட்டை அடுக்கு டிவிடி 5 முதல் 10 மட்டுமே. இரட்டை அடுக்கை நெடுநாள் வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

கடலோரம்:
அண்ணா, கீறல் எந்தப் பக்கம் விழுந்தால் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள்.

சிடியில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் முழுதும் லேசர் பக்கம் இருக்கிறது. தகவல் இருப்பது லேபிள் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே. லேசர் பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். லேபிள் பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தகவலே போய்விடும். டிவிடியில் 0.6 மி.மீ. தகடு இரண்டை ஒட்டி நடுவில் தகவல். இரு பக்கமும் காப்பு உண்டு, பலவீனம் ஒட்டில்தான்: பெட்டியிலிருந்து வளைத்து இழுத்தால் ஒட்டு விடும். நடுக்குமிழை அழுத்தி எடுங்கள். ப்ளூரேயில் தகவல் லேசர் பக்கத்திலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான். மேலே கடினப் பூச்சு இருந்தாலும் அது ஆழமாகக் கீறிவிட்டால் தேய்த்துச் சரிசெய்ய இடமே இல்லை.

பெயர் எழுத நீர் கலந்த மையுள்ள டிஸ்க் மார்க்கர் போதும், அதுவும் நடுவில் உள்ள ஒளிபுகும் வளையத்தில் மட்டும். ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. கொஞ்சம் மையம் விலகினாலும் வேகமாகச் சுற்றும்போது டிஸ்க் ஆடும். பசை காய்ந்து ஓரம் எழும்பும்போது அரக்கையும் பிய்த்துக்கொண்டு வரும்.

பைட்கணக்கு:
ப்ளூரே வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒரே சொல்: எல்டிஎச். இது சாய வகை. பழைய டிவிடி ஆலைகளிலேயே மலிவாகச் செய்ய 2008 வாக்கில் வந்தது. சாதாரண பிடி-ஆர் (எழுதக்கூடிய ப்ளூரே) என்பது எச்டிஎல். அதில் சாயம் கிடையாது, உலோகக் கலவையோ உலோக ஆக்சைடோ இருக்கும், வெளிச்சத்துக்கு அசராது. எல்டிஎச் என்றால் பெட்டியில் எங்காவது சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். பெட்டி இல்லையென்றால் எழுதும் பக்கத்தைப் பாருங்கள்: எச்டிஎல் கறுத்த சாம்பல் நிறம், எல்டிஎச் தங்க மஞ்சள். விலை குறைவு என்று எல்டிஎச் வாங்கி ஆவணம் எழுதுவதை எப்படியாவது தடுக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கனடாக்காரர்கள் தங்கப் படலம் உள்ள சாயமில்லாத பிடி-ஆருக்குக்கூட 10 முதல் 20 வருடம்தான் கொடுக்கிறார்கள், மற்ற பிடி-ஆருக்கு, சாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 முதல் 10. எச்டிஎல்லின் எழுதும் படலத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு கடுமையாகவே படுகிறது. ஆனாலும் அதையே கெடுவாக வைத்துக்கொண்டு 10 வருடத்தில் மறுபடி எழுதத் திட்டமிடுவதில் இழப்பு ஒன்றுமில்லை.

நீலத்தட்டு:
எம்-டிஸ்க் பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் மில்லெனியாட்டா என்ற நிறுவனம் கொண்டுவந்தது, சாயத்துக்குப் பதில் கல் போன்ற கனிமப் படலம், 1000 வருடம் என்று விளம்பரம். டிவிடி வகைக்குச் சக்தி கூடிய லேசர் உள்ள டிரைவ் வேண்டும். ப்ளூரே வகையைப் பெரும்பாலான ப்ளூரே டிரைவ்கள் எழுதும். படலம் உறுதியானதுதான், ஆனால் அதைச் சுமப்பது அதே பாலிகார்பனேட், அதே ஒட்டு. பிரான்சில் எல்என்இ ஆய்வகம் 90 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் சோதித்தபோது எம்-டிஸ்க் டிவிடி சாதாரண டிவிடிகளைத் தாண்டி நிற்கவில்லை. கண்ணாடியில் செய்த டிஸ்க்தான் நின்றது. மில்லெனியாட்டா 2016-இல் திவாலானது. முதலில் வந்த 25 ஜிபி எம்-டிஸ்க்கின் குறியீடு மில்லென்-எம்ஆர்1. பின்னால் வெர்பாட்டிம் எம்-டிஸ்க் பெட்டிகளில் சாதாரண பிடி-ஆருக்கு உரிய வெர்பாட்-ஐஎம்இ குறியீடு வரத் தொடங்கி 2022-இல் பெரிய வாக்குவாதம் ஆனது. அதிக விலை கொடுப்பதற்கு முன் ஒரு டிஸ்க்கின் ஐடியைப் பார்த்துவிடுங்கள். டிவிடியில் எம்-டிஸ்க்குக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் ஒருமுறை மட்டும் எழுதும் மற்ற டிவிடி பெரும்பாலும் சாயம். ப்ளூரேயில் நல்ல எச்டிஎல் போதும்.

ஒளிக்கற்றை:
நல்ல டிஸ்க்கைக் கெட்ட முறையில் எழுதினால் கெட்ட டிஸ்க்தான். அதனால் எழுதும் முறையை விரிவாகச் சொல்கிறேன்.

வேகம். "ஒரு எக்ஸில் எழுது, நீண்ட நாள் இருக்கும்" என்பது பழைய நம்பிக்கை. இன்றைய டிஸ்க்கின் சாயமும் டிரைவின் கணக்கும் நடுவேகத்துக்குத் தோதானவை. மிகக் குறைந்த வேகத்தில் பிழை கூடுவதையும் பார்க்கலாம். 16எக்ஸ் டிவிடியை 8எக்ஸில், 6எக்ஸ் பிடி-ஆரை 4எக்ஸில், 52எக்ஸ் சிடியை 16 அல்லது 24எக்ஸில் எழுதுங்கள்.

அளவு. டிவிடியில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும் கம்ப்யூட்டர் கணக்கில் 4.38. அதையும் முழுதாக நிரப்ப வேண்டாம். எழுதுவது உள்ளிருந்து வெளியே போகும். வெளி ஓரத்தில்தான் சாயம் சீரில்லாமல் இருக்கும், டிஸ்க் வளைவதும் விரல் படுவதும் அங்கேதான். 4.1-ஓடு நிறுத்துங்கள். பிடி-ஆரில் 23.3 இருந்தால் 22.

பல அமர்வாகச் சேர்த்துச் சேர்த்து எழுதுவது வேண்டாம். ஒரே மூச்சில் எழுதி டிஸ்க்கை மூடிவிடுங்கள்.

எழுதியதும் ஸ்கேன். எல்லா டிரைவும் பிழை எண்ணிக்கையைச் சொல்லாது. எல்ஜி டிரைவ்களில் பெரும்பாலும் கிடைக்காது. லைட்-ஆன் ஐஹாஸ்124 போன்ற பழைய டிரைவ் ஒன்று சோதனைக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸில் நீரோ டிஸ்க்ஸ்பீட் அல்லது ஆப்டி டிரைவ் கன்ட்ரோல், லினக்ஸில் கியூபிஎக்ஸ்டூல். டிவிடியில் பிஐஇ (முதல் கட்டத் திருத்தத்தில் கண்ட பிழை) 280-ஐத் தாண்டக் கூடாது, பிஐஎஃப் (அந்தக் கட்டத்தில் திருத்த முடியாமல் போன பிழை) 4-ஐத் தாண்டக் கூடாது. இவை தரநிலையின் வெளிவரம்பு. காப்பகத்துக்கு இது போதாது. நல்ல எழுத்தில் பிஐஇ உச்சமே 20, 30-க்குள் அடங்கும், பிஐஎஃப் 2-ஐத் தாண்டாது. சிடியில் சி1 (முதல் கட்டப் பிழை) விநாடிக்குச் சராசரி 220 வரை தரநிலை அனுமதிக்கும். நல்ல டிஸ்க்கில் ஒற்றை இலக்கம். சி2 (முதல் கட்டத்தில் தீராத பிழை) ஒன்று வந்தாலும் அந்த சிடியை ஒதுக்கிவிடுங்கள்.

வரைபடத்தின் வடிவமும் பேசும். கடைசி 200 எம்பியில் மட்டும் மேடு எழுந்தால் ஓரச் சாயக் குறை அல்லது வளைவு. நடுவில் ஒரே இடத்தில் முள் போல நின்றால் தூசியோ விரல் ரேகையோ. துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். முழு நீளத்துக்கும் சீராக உயர்ந்திருந்தால் அந்த டிஸ்க்கும் அந்த டிரைவும் பொருந்தவில்லை, வேறு டிரைவில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு டிரைவின் எண்ணை இன்னொரு டிரைவின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஸ்கேன் படத்தைச் சேமித்து, அடுத்த வருடம் அதே டிரைவில், அதே வேகத்தில் எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். கெடுவது அந்த வித்தியாசத்தில்தான் தெரியும். கோப்பு திறக்காமல் போகும் நாள் வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

கடலோரம்:
வைக்கும் இடம் பற்றி. அமெரிக்காவின் தரநிலை நிறுவனம் என்ஐஎஸ்டி 2003-இல் வெளியிட்ட கையேடு 4 முதல் 20 டிகிரி, 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்கிறது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இந்த ஈரப்பதம் திறந்த அலமாரியில் கிடைக்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. நீலமாக இருக்கும் ஜெல் ரோஸ் நிறமானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். ஏசி அறையிலிருந்து டப்பாவை வெளியே கொண்டுவந்தால் உடனே திறக்காதீர்கள், குளிர்ந்த டிஸ்க்கில் நீர் கோக்கும். அரை மணி, ஒரு மணி மூடியபடியே விடுங்கள்.

டிஸ்க்குகளைத் தனித்தனிக் கெட்டிப் பெட்டியில், நிற்கவைத்து. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டக் கூடாது, ரப்பரில் கந்தகம். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான இசை சிடிகள் பழுப்பேறிக் கெட்டதற்கு உறைகளில் இருந்த கந்தகம் அரக்கைத் தாண்டியதுதான் காரணம். ஈரம் இன்னொன்றும் செய்யும்: 2001-இல் மத்திய அமெரிக்காவின் பெலீஸிலிருந்து வந்த ஒரு சிடியை ஸ்பெயின் ஆய்வாளர்கள் பார்த்தபோது பூஞ்சை ஓரத்திலிருந்து நுழைந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் தின்றிருந்தது.

பைட்கணக்கு:
தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. டிஸ்க்கில் கோப்புப் பெயர்களைப் பதியும் ஜோலியட் முறையில் பெயருக்கு 64 குறிகள்தான் இடம். "கோப்பு" நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஆறு குறி. "அப்பா அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்" என்று நிகழ்ச்சியும் ஊரும் சேர்த்துப் பெயர் வைத்து, பின்னால் தேதியும் நேரமும் போட்டால் வரம்பை நெருங்கிவிடும், இன்னும் ஒரு சொல் கூடினால் மென்பொருள் வாலை வெட்டிவிடும். இம்க்பர்னில் நீளப் பெயரைத் தாங்கும் யுடிஎஃப் முறையைத் தேர்ந்தெடுங்கள்: டிவிடிக்கு 1.02, ப்ளூரேக்கு 2.50.

டிவிடிஸாஸ்டர் என்ற பிழைதிருத்த மென்பொருளைப் பயன்படுத்தினால் 4.38-இல் 3.6 வரை தகவல் வைத்து மிச்ச இடம் முழுவதையும் ஆர்எஸ்03 பிழைதிருத்தத்துக்குக் கொடுங்கள். டிஸ்க்கில் அங்கங்கே படிக்க முடியாத பகுதி வந்தாலும் முழுக் கோப்பும் திரும்பும். எஸ்எச்ஏ-256 பட்டியல் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்கள்) ஒன்று டிஸ்க்கிலும் ஒன்று வெளியிலும். இரண்டு பிரதி எழுதும்போது இரண்டும் ஒரே பெட்டி டிஸ்க்காக இருக்க வேண்டாம். மீடியா ஐடி வேறாக இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

ஒளிக்கற்றை:
ஏற்கெனவே தடுமாறும் டிஸ்க் கையில் இருந்தால்: விண்டோஸ் காப்பி வேண்டாம், கெட்ட ஒரு செக்டாரில் (தகவலின் சிறு துண்டு) மாட்டி டிரைவைச் சூடாக்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள், செக்டார் அளவு 2048. முதல் சுற்றில் நல்ல பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் மூன்று முயற்சி. மிச்சம் நின்றால் டிஸ்க்கை வேறு கம்பெனி டிரைவில் போட்டு அதே மேப் கோப்போடு (எது படித்தாயிற்று என்ற பதிவு) தொடருங்கள். ஒரு டிரைவ் விட்ட செக்டாரை இன்னொன்று படித்துவிடும். முதல் டிரைவ் முடியாது என்று சொன்ன டிஸ்க்கை மூன்றாவது டிரைவ் பார்க்கும் வரை குப்பையில் போடாதீர்கள்.