படகுக்காரர்களின் 'மியூச்சுவல் இன்ஷூரன்ஸ்': தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம். மீன்பிடித் தொழில் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படகு உரிமையாளர்களே நிதி போட்டு, யார் படகு மூழ்கினாலும் அதிலிருந்து ஈடு கொடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'கூட்டுறவுக் காப்பீடு' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா? அப்புறம் 'சப்ளிமென்டரி கால்' என்று ஒன்று வருகிறது. 'துணை அழைப்பு' என்று போட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது.

---

> கூட்டுறவுக் காப்பீடு

வேண்டாம். கூட்டுறவுச் சங்கம் வெளிக் கம்பெனியிடம் மொத்தமாகப் பாலிசி எடுத்தாலும் அப்படித்தான் சொல்வோம். இங்கே காப்பீடு பெறுபவரே காப்பீட்டாளரும். 1720-ல் இங்கிலாந்தின் குமிழிச் சட்டம் (பபிள் ஆக்ட்), தனியாட்கள் போக, கடல் காப்பீட்டை இரண்டு கம்பெனிகளுக்கு மட்டும் ஒதுக்கியது. அதனால் கப்பல்காரர்கள், ஒருவர் இழப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்ள, தங்களுக்குள் 'கிளப்' வைத்துக்கொண்டார்கள். மியூச்சுவல் ஃபண்டுக்கு 'பரஸ்பர நிதி' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, 'பரஸ்பரக் காப்பீடு' என்றே போடுங்கள்.

---

பரஸ்பரமா? ஐயா, குறள் 306-ல் 'இனமென்னும் ஏமப் புணை' இருக்கும்போது வடசொல்லைக் கடன் வாங்குவானேன்? ஏமம் காப்பு, புணை தெப்பம், இனம் உறுப்பினர் கூட்டம். புணைக்குப் பிணை என்ற பொருளும் உண்டு. ஒருவருக்கொருவர் புணைப்படுவதுதானே இந்த ஏற்பாடே? கடல், காப்பு, பொறுப்பு மூன்றும் ஒரே சொல்லில்: ஏமப்புணை. இதிலிருந்து ஏமப்புணையர், ஏமப்புணையம் என்று ஆக்கிக்கொண்டே போகலாம்.

---

போகலாம், படிப்பவர் கூட வரமாட்டார். 'ஏம' என்று தொடங்கினாலே காதில் 'ஏமாற்று' விழும், காப்பீட்டுப் பத்திரத்தில் வரவே கூடாத ஒலி. தவிர, அந்தக் குறளில் புணை எரிந்துபோகிறது!

---

இலங்கையில் காப்புறுதி என்போம், காப்பீடு அல்ல. அதையும் கவனியுங்கள்.

---

'சப்ளிமென்டரி கால்' பக்கம் யாருமே போகவில்லையே. படகுக்காரருக்கு அதுதான் முக்கியம். ஆண்டு இழப்பு நிதியைத் தாண்டினால் உறுப்பினரிடம் மறுபடி பணம் கேட்பார்கள். முதலில் கட்டுவதை வெறும் 'பிரீமியம்' என்று எழுதினால், கட்டியதோடு முடிந்தது என்று நம்பிவிடுவார். ஒரே புயல் ஒரு துறைமுகத்துப் படகுகளை மொத்தமாக அடித்துப்போடலாம், அதற்காகத்தான் இந்தச் சங்கங்கள் மறுகாப்பீடு (சங்கமே வேறொரு காப்பீட்டாளரிடம் எடுக்கும் காப்பீடு) எடுக்கின்றன. படகைச் சேர்க்குமுன் பழுது உண்டா என்று சோதித்தும் பார்க்கின்றன. ஒருவர் அலட்சியத்துக்கு மற்றவர்கள்தானே பணம் கட்ட வேண்டும்? 'மேல்வசூல்' என்று போடுங்கள். கேட்டதும் பை கனம் குறைவது தெரியும்.

---

மேல்வசூல் அருமை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு, நேரமில்லாத காரணத்தால், பரஸ்பரக் காப்பீடு. முதல் இடத்தில் மட்டும் 'உறுப்பினர்களே காப்பீட்டாளர்கள்' என்று விளக்கம்.

---

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். புணையைச் சுட்டது சினம், அது புணையின் குற்றமா?

---

ஐயா, பதிந்தாயிற்று. 'டிடக்டபிள்' ஒன்று மிச்சம், நட்டத்தில் படகுக்காரர் தானே ஏற்கும் பகுதி. 'கழிவுத்தொகை' என்றால் தள்ளுபடி என்று நினைப்பார்களோ?