புதுப்பிப்பு: தம்பிக்கு முதல் கேமரா வாங்கியாச்சு
தம்பிக்கு முதல் கேமரா புதுசா, பழசா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பழைய நிக்கான் டி3500 வாங்கி, மிச்சப்பட்ட காசில் வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் 35 எம்எம் எஃப்/1.8 லென்ஸும் எடுத்துவிட்டோம். இந்த கேமரா பாடியில் லென்ஸைத் தானாக ஃபோகஸ் செய்யவைக்கும் மோட்டார் கிடையாது, அதனால் மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். நேற்று விடியுமுன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், பல்பு வெளிச்சத்திலேயே இந்த 35 எம்எம் லென்ஸில் எடுத்த படத்தில், ஏலத்துக்குப் போட்ட வஞ்சிரத்தின் கண் வரைக்கும் அவ்வளவு துல்லியம்! கேமராவோடு வரும் கிட் லென்ஸில், வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றி ஏற்றி எல்லாம் புள்ளி புள்ளியாக வந்த அதே இடம். அப்புறம் உப்புக் காற்று: வீட்டுக்கு வந்ததும் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறான். ட்ரைபாட் (முக்காலி) இப்போது வேண்டாம் என்றவர்களுக்கு நன்றி, அந்தக் கூட்டத்தில் அதை விரிக்க இடமே இல்லை.