கத்திரி வெயிலில் எஞ்சின் ஆயில் சூடு: அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேலூர்_350

எங்கள் ஊரில் மே மாதம் 42 டிகிரி அடித்தால் அது செய்தியே இல்லை. அந்த வெயிலில் எஞ்சினுக்குள் ஆயில் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றிவிட்டு, முள் காட்டும் தெர்மாமீட்டர் மூடி ஒன்றை மாட்டினேன். ஹார்லிக்காரர்களும் பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வைத்திருப்பவர்களும் வெகுகாலமாகப் போடுகிற சமாச்சாரம்தான். மூடிக்குக் கீழே ஒரு கம்பி, அதன் நுனி ஆயிலில் முங்கி இருக்கும். வண்டி 350 சிசி, காற்றில் ஆறுகிற எஞ்சின். ஊற்றுவது 15டபிள்யூ-50 செமி சிந்தெட்டிக்.

நெடுஞ்சாலையில் ஆம்பூர் பக்கம் 80-ல் போய்க்கொண்டே இருந்தால் முள் 105, 110-க்குள் நின்றுவிடுகிறது. உச்சி வெயிலிலும் அதற்கு மேல் ஏறுவதில்லை. கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டினால்தான் கதை மாறுகிறது. ஊர்ந்து ஊர்ந்து போவதில் 125-ஐத் தொட்டுவிடும். எஞ்சினைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகளுக்கு நடுவே காற்று ஓடினால்தானே சூடு வெளியே போகும்? பக்கத்தில் நிற்கிற பஸ்ஸின் அனலும் சேர்ந்துகொள்கிறது.

120 தாண்டிவிட்டால் முள்ளைப் பார்க்காமலே தெரிந்துவிடும். சிக்னலில் இரண்டாவது கியரிலிருந்து நியூட்ரலுக்குத் தட்டினால் பச்சை விளக்கு எரியாது, நேரே முதல் கியருக்குப் போய் விழும். திரும்பத் தட்டினால் மறுபடி இரண்டாவது. ஹெட் பக்கமிருந்து டிக் டிக் சத்தம் கூடுதலாகக் கேட்கும். நெரிசலைத் தாண்டி வேகம் எடுத்த உடனே முள் இறங்கிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பத்து நிமிஷமாவது எஞ்சின் நல்ல காற்று வாங்க வேண்டும்.

உங்கள் வண்டியில் எவ்வளவு காட்டுகிறது? எந்த இடத்தில் வைத்து அளக்கிறீர்கள்?

பட்டறை_மாமா

தம்பி, ஆயில் சூட்டால் போன எஞ்சினைவிட ஆயில் குறைந்து போன எஞ்சினைத்தான் நான் அதிகம் பிரித்திருக்கிறேன். மீட்டர் வாங்குகிற காசுக்கு ரெண்டு தடவை ஆயில் மாற்றிவிடலாம். 110 எல்லாம் பயப்படுகிற சூடே கிடையாது. இன்னும் சொல்லப்போனால் ஆயில் அப்பப்போ நூறைத் தொடணும். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் வண்டி எடுக்கிறவர் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும். எஞ்சினுக்குள் தேங்கிய ஈரம் ஆவியாக வழியில்லாமல் ஆயிலோடு கலந்து போனதுதான் அது.

கோவை_டேப்

நான் தொடாமலே சூட்டை அளக்கும் ஐஆர் துப்பாக்கி வைத்துப் பார்த்தேனுங்க. அப்பாவின் பழைய வண்டி, கிளட்ச் கவர் பாலிஷ் போட்ட அலுமினியம். நல்லா ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி அடித்தால் 61 காட்டுகிறது. கையை வைத்தால் பொசுக்கிவிடும், இவன் 61 என்கிறான்! அதே இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பும் சூடேறும் வரை விட்டு அடித்தேன். 94. பளபளக்கும் உலோகம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகத்தான் வெளியே விடும், அதனால் கருவி ஏமாந்துபோகிறது. மேட் கறுப்பு பெயிண்ட் அடித்த எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு. எப்படிப் பார்த்தாலும் அது கவரின் வெளிச் சூடு மட்டும்தான். உள்ளே ஆயில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வாஷர் மாதிரி மாட்டும் சென்சாரை வாங்கிவிட்டு "ஆயில் 170 டிகிரி" என்று பதறுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சிலிண்டர் ஹெட்டின் சூடு. ஏர்கூல்டு வண்டியில் அங்கே அந்த எண் சாதாரணம்.

என்னுடையது லிக்விட் கூல்டு. மீட்டரில் ஏறும் கோடுகள் கூலன்ட்டுக்கு உரியவை. காலையில் கோடு நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் தன் சூட்டுக்கு வர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை ஆக்சிலேட்டரை முறுக்குவதில்லை.

நாமக்கல்_மலையேறி

வேலூர் நண்பர் சொன்ன நெரிசலைவிட மோசமானது மலை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பின்னால் மனைவி, சாமான் வேறு. முதல் கியர், இரண்டாவது கியர் என்று மாறி மாறி ஏறுகிறோம். எஞ்சின் கத்துகிறது, வண்டியோ 20-ல் போகிறது. அடிவாரத்தில் 104 காட்டிய சென்சார் பாதி மலை போவதற்குள் 131. இத்தனைக்கும் மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டுதான் வருகிறது.

நிழல் பார்த்து நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் ரொம்ப அக்கறையாகத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எஞ்சின் மேல் ஊற்ற வந்துவிட்டார். வாங்கி நான் குடித்துவிட்டேன். கொதிக்கிற அலுமினியத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விட வாய்ப்பு இருக்கிறது. வண்டி தானாக ஆறட்டும். இறங்கும்போது 90-ஐக்கூடத் தொடவில்லை.

என் சென்சார் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் இருக்கிறது. ஆயிலுக்கு நடுவிலேயே அளப்பதால் கணக்கு சுத்தமாக வரும். ஆனால் வண்டியின் அடியில் தொங்குகிறது, நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் பாதுகாப்புத் தகடு இல்லாத வண்டிக்கு இது வேண்டாம்.

டெலிவரி_தி.நகர்

அண்ணே, எனக்கு மீட்டர் எல்லாம் கிடையாது. 100 சிசி, மதியம் முழுக்க சிக்னல் சிக்னலாக நிற்கிற பிழைப்பு. புத்தகத்தில் 10டபிள்யூ-30 என்று இருக்கிறது. வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊற்று, கெட்டியாக நிற்கும் என்று கூட ஓட்டுகிற பசங்க சொல்கிறார்கள். ஊற்றலாமா?

பட்டறை_மாமா

ஊற்றாதே.

வேலூர்_350

மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், காரணத்தை நான் சொல்கிறேன். பின்னால் வருகிற எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கானது. 30 என்றால் 9.3-லிருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (ஆயிலின் கெட்டியை அளக்கும் அலகு அது), 50 என்றால் 16.3-லிருந்து 21.9-க்குள். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டி. உங்கள் வண்டியின் ஆயில் பம்பும் சந்துகளும் 30-க்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. கெட்டி ஆயிலைக் கடையவே எஞ்சின் தனியாக உழைக்கும், மைலேஜும் அடிபடும். புத்தகத்திலேயே வெயில் பிரதேசத்துக்கு வேறு கிரேடு அனுமதித்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

அதற்குப் பதில் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். நம் வண்டிகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் குளிக்கிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்கும்.

மாமா, மீட்டர் வீண் செலவு என்றீர்களே, ஒன்று சொல்கிறேன். எண் எவ்வளவு என்பதைவிட, வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்றுதான் நான் பார்க்கிறேன். அதே ஆம்பூர் ரோடு, அதே 80, ஒருநாள் முள் 122-ல் போய் நின்றது. நெரிசலும் இல்லை, ஏற்றமும் இல்லை. ஓரங்கட்டி, கொஞ்சம் ஆறவிட்டு, சென்டர் ஸ்டாண்டு போட்டு லெவல் கண்ணாடியைப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே. இருக்கிற கொஞ்ச ஆயிலே திரும்பத் திரும்பச் சூட்டை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் சொன்ன அந்தக் குறைவைக் காட்டிக்கொடுத்தது இந்த முள்தான்.

பட்டறை_மாமா

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெலிவரி தம்பிக்கு மீட்டர் வேண்டாம். வாரம் ஒருமுறை வண்டியை நேராக நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் போதும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் பொய்க் கணக்குத்தான் காட்டும்.

டெலிவரி_தி.நகர்

நன்றி மாமா. இன்றைக்கே பார்க்கிறேன்.

கோவை_டேப்

வேலூர் நண்பரே, அந்த மூடியை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டுமுங்க?

வேலூர்_350

மரையின் அளவும் பிட்ச்சும் உங்கள் மூடியோடு பொருந்த வேண்டும். பழைய மூடியைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். கம்பி நீளமும் முக்கியம். குட்டையாக இருந்தால் ஆயிலைத் தொடாமல் மேலே உள்ள ஆவியை அளக்கும், நீளமாக இருந்தால் உள்ளே சுற்றும் பாகத்தில் இடிக்கும். கூட வருகிற ஓ-ரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு விட்டான் ரப்பரில் ஒன்று வாங்கிப் போடுங்கள், சாதா ரப்பர் இந்தச் சூட்டில் சீக்கிரமே இறுகிப்போய் ஆயில் கசியும்.