12 ராத்திரி, 6 நகரம், ஆளுக்கு 1 லட்சம்: ஐரோப்பா கணக்கு எங்க இடிக்கும்?

கிண்டி_மாணவி:

வணக்கம். நாங்க மூணு பேர், இன்ஜினியரிங் மூணாம் வருஷம், எல்லாருக்கும் 20 வயசு. செமஸ்டர் முடிஞ்சதும் ஜூன்ல 12 ராத்திரி ஐரோப்பா போகணும். இப்போதைக்கு பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், ரோம்னு பிளான் போட்டிருக்கோம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ராத்திரி. சென்னையிலிருந்து போய்வர விமான டிக்கெட் வீட்டுல எடுத்துத் தர்றாங்க. விசா உட்பட மத்த எல்லாத்துக்கும் ஆளுக்கு 1 லட்சம்தான். நடுவுல பட்ஜெட் ஃபிளைட் 20 யூரோவுக்கே காட்டுது. இது நடக்குமா? விசா எந்த நாட்டுக்குப் போடறது? இன்னொண்ணு, எங்கள்ல ஒருத்தி முட்டைகூடத் தொடமாட்டா.

மேம்பாலம்77:

முதல்ல கணக்கைப் போடுங்க, ஊரை அப்புறம் பேசலாம். யூரோவுக்கு 110 ரூபாய்னு வச்சா 1 லட்சம்ங்கறது ஏறக்குறைய 909 யூரோ. ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, அதுக்குக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூன்லேர்ந்து இதுதான். அதோட விசா விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ், போட்டோ, ஜெராக்ஸ். இதுக்கெல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் எடுத்து வச்சிடுங்க. கையில மிஞ்சறது 773 யூரோ, அதாவது நாளைக்கு 64.

இப்போ நாள் செலவு. டார்மிட்டரி படுக்கைக்கு 30, சாப்பாட்டுக்கு 15, ஊருக்குள்ள பஸ், டிராமுக்கு 6, நுழைவுச் சீட்டுக்கு 8. மொத்தம் 59. 12 நாளைக்கு 708 போனா, ஊர் விட்டு ஊர் போறதுக்கு உங்ககிட்ட இருக்கறது 65 யூரோ. ஆறு ஊருக்கு அஞ்சு பயணம். பெட்டியை ஒரு தடவை செக்-இன்ல போட்டாலே இந்த 65ல கணிசமா போயிடும். இடிக்கற இடம் இதுதான். படுக்கையில அஞ்சு யூரோ மிச்சம் பிடிச்சு இதைச் சரிக்கட்ட முடியாது.

அதனால பிராக், வியன்னா, புடாபெஸ்ட், மூணே ஊர். மூணும் ஒரே ரயில் பாதையில வரிசையா இருக்கு. விமான டிக்கெட்டை 'மல்டி சிட்டி'ன்னு தேடுங்க: சென்னையிலிருந்து பிராக், திரும்பறது புடாபெஸ்ட்லேர்ந்து. எமிரேட்ஸ், கத்தார் ரெண்டுமே சென்னைக்கும் இந்த ரெண்டு ஊருக்கும் பறக்குது. ஒரு வழி டிக்கெட் ரெண்டைத் தனித்தனியா வாங்காதீங்க, பெரும்பாலும் கூடுதலாத்தான் ஆகும்.

பாரிஸ் போகலையேன்னு வருத்தம் இருக்கும். 2026 ஜனவரி 14லேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வர்றவங்களுக்கு லூவ்ர் அருங்காட்சியக டிக்கெட் 32 யூரோ. 26 வயசுக்குள்ள இலவசம்னு இணையத்துல படிச்சிருப்பீங்க, அது அங்கேயே குடியிருக்கறவங்களுக்கு. உங்க கல்லூரி ஐடி கார்டு அந்த வரிசையில செல்லாது. ஐரோப்பாவுல 'மாணவர் சலுகை'ன்னு எங்க பார்த்தாலும், வயசுக்கா, குடியுரிமைக்கா, வசிக்கற இடத்துக்கான்னு கீழே இருக்கற பொடி எழுத்தைப் படிச்சிட்டுக் கணக்குல சேருங்க.

ரயில்_பைத்தியம்:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். அந்த 20 யூரோ விமானத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக.

ரயன்ஏர் என்ற பட்ஜெட் விமானத்தில் இலவசமாக எடுத்துப்போகும் பை 40 × 30 × 20 செ.மீ. இருக்கையின் அடியில் போக வேண்டும். ஸ்கேலை எடுத்து உங்கள் காலேஜ் பையை அளந்து பாருங்கள். உயரம் மட்டுமே 45 வரும். பாரிஸ் என்று டிக்கெட்டில் போட்டிருப்பது பல நேரம் போவே விமான நிலையம், நகரத்திலிருந்து சுமார் 85 கி.மீ. அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரப் பஸ்ஸுக்குத் தனிக் காசு. ஆன்லைன் செக்-இன் மறந்தால் விமான நிலையத்தில் 55 யூரோ. இந்தியப் பாஸ்போர்ட் என்பதால், ஆன்லைனில் முடித்திருந்தாலும் கவுண்டரில் விசாவைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் நேரே பாதுகாப்புச் சோதனைக்குப் போய் நிற்பவர்கள்தான் கடைசி நிமிடத்தில் ஓடுகிறார்கள்.

ரயிலில் பிராக்கிலிருந்து வியன்னா சுமார் 4 மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் சுமார் 2 மணி 40 நிமிடம். ஏறுவதும் இறங்குவதும் ஊருக்குள்ளேயே. பெட்டிக்குக் காசு இல்லை. தனியார் ரயில் கம்பெனியான ரெஜியோஜெட், ஆஸ்திரிய ரயில்வேயான ஓ.பி.பி. இரண்டின் தளத்திலும் ஒரே தேதியைப் போட்டுப் பாருங்கள். முன்கூட்டியே எடுத்தால் ஒரு பயணத்துக்கு 20 யூரோ அளவில் முடிக்கப் பாருங்கள். ஓ.பி.பி.யின் மலிவு டிக்கெட்டுக்குப் பெயர் ஷ்பார்ஷீனே. குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், ரத்து செய்தால் பணம் வராது. ஆகவே விசா கையில் வந்தபிறகு எடுங்கள். பல நாட்டு ரயிலுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் இந்த இரண்டு பயணத்துக்கு வீண்.

படுக்கைச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று ராத்திரி பஸ் வேண்டாம். விடிகாலை 5 மணிக்கு இறக்கிவிடுவான், ஹாஸ்டலில் படுக்கை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். தூங்காத கண்ணோடு சுற்றும் அந்த நாள் முழுக்கக் காபிக் கடைக்குத்தான் வருமானம்.

ஊருக்குள் வந்தால், நம்ம எம்.டி.சி. மாதிரி கண்டக்டர் கிடையாது. பிராக், வியன்னா மெட்ரோவில் நம்ம மெட்ரோவில் இருப்பதுபோலத் தடுப்புக் கதவும் கிடையாது. காகித டிக்கெட் வாங்கியவுடன் அது உயிரற்ற தாள். பிராக் மெட்ரோவில் எஸ்கலேட்டருக்கு முன்னாலும், டிராமில் கதவுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன மெஷின் இருக்கும். அதில் நுழைத்துத் தேதியும் நேரமும் பதிந்தால்தான் செல்லும். ஒரே முறை, முதல் பயணத்தில். இரண்டாம் முறை பதித்தால் எழுத்து மேல் எழுத்து விழுந்து அதுவே வம்பாகும். சீருடை இல்லாத பரிசோதகர்கள் வருவார்கள். 'டிக்கெட் இருக்கு, பதிக்க மறந்துட்டேன்' என்பது அவர்கள் தினம் கேட்கும் வசனம், அபராதம் குறையாது.

பிராக் விமான நிலையத்திலிருந்து 59 எண் டிராலிபஸ், நாட்ராஜி வெலெஸ்லாவீன் நிலையம் வரை. அங்கே மெட்ரோவின் ஏ லைன். சாதாரண நகர டிக்கெட்டே போதும். 119 எண் பஸ் என்று சொல்லும் பழைய குறிப்புகளை விடுங்கள், அது 2024இல் மாறிவிட்டது. புடாபெஸ்டில் 100இ பஸ் நேராக நகர மையத்துக்கு வரும், ஆனால் அதற்குத் தனி டிக்கெட். கையில் நாள் பாஸ் இருந்தாலும் செல்லாது. 200இ பஸ்ஸில் சாதாரண டிக்கெட் செல்லும். கொபான்யா-கிஷ்பெஷ்ட் போய் எம்3 மெட்ரோ மாறவேண்டும்.

மேம்பாலம்77:

விசா கேள்வி விட்டுப்போச்சு. எந்த நாட்டுல அதிக நாள் இருக்கீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். சமமா இருந்தா மட்டும் முதல்ல நுழையற நாடு. 4, 4, 4ன்னு வச்சா செக் குடியரசு. வியன்னாதான் மூணுல விலை கூடின ஊர். அதை 3 ஆக்கி, புடாபெஸ்ட்டை 5 ஆக்கினா ஹங்கேரிக்குப் போடலாம், செலவும் இறங்கும். சென்னையில எந்த நாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்க ஸ்லாட் இருக்குன்னு பார்த்துட்டு அதுக்கேத்த மாதிரி ராத்திரியை மாத்துங்க. ஆனா காகிதத்துல 5 காட்டிட்டு நிஜத்துல 2 தங்கற வேலை வேண்டாம்.

பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடி. முடிவு வர வழக்கமா 15 நாள், இழுத்தா 45. ஜூனுக்கு மார்ச்லயே போட்டுடுங்க. பாஸ்போர்ட் திரும்பற தேதிக்கு அப்புறம் 3 மாசம் செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ, ஷெங்கன் முழுசுக்கும், போய்ச் சேர்ற நாள், கிளம்பற நாள் ரெண்டும் உள்ளடக்கி.

மாணவர்கள் தடுக்கி விழற இடம் பணக் காகிதம். அப்பாவோ அம்மாவோ ஸ்பான்சர் கடிதம், அவங்க பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரி ரிட்டர்ன், உங்க போனஃபைடு, கல்லூரி என்.ஓ.சி. எல்லாத்துலயும் பேரும் இனிஷியலும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். இனிஷியல் ஒண்ணுல விரிச்சும் ஒண்ணுல சுருக்கியும் இருந்தா இப்பவே சரிபண்ணுங்க. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரோ மாமாகிட்ட வாங்கி 3 லட்சத்தை மொத்தமா கணக்குல போட்டா, அது பலமா தெரியாது, சந்தேகமாத்தான் தெரியும்.

கிண்டி_மாணவி:

ரொம்ப நன்றி. மூணு ஊர்னு முடிவு பண்ணிட்டோம். பணம் எப்படிக் கொண்டுபோறது? ஹாஸ்டல்ல சமையல் நடக்குமா?

பொடி_டப்பா:

பணம் முதலில். செக்கில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரிண்ட், ஆஸ்திரியாவில் மட்டும்தான் யூரோ. யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை பிராக்கில் தேய்த்தால் பெரும்பாலான கார்டுகளில் கரன்சி மாற்றுக் கட்டணம் விழும். எவ்வளவு சதவீதம் என்று வாங்கும்போதே கேளுங்கள். அதைவிட முக்கியம், ஏ.டி.எம். திரையில் 'ரூபாயில் இவ்வளவு, ஏற்கிறீர்களா' என்று வரும். மறுத்துவிடுங்கள், பணம் வரத்தான் செய்யும். ஏற்றால் அந்த மெஷின்காரன் வைத்த ரேட். கடையில் கார்டு மெஷின் கேட்டாலும் உள்ளூர் கரன்சிதான். ஹாஸ்டலில் நகர வரி தனி, பிராக்கில் ஓர் ஆளுக்கு ஒரு ராத்திரி 50 கொருனா. சிறு பூட்டும் துண்டும் இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

சமையல் நடக்கும், புக் செய்யும்போது 'கிச்சன்' என்று வடிகட்டித் தேடுங்கள். சென்னையிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப்போகலாம், செக்-இன் பெட்டியில், இரட்டை பிளாஸ்டிக் உறையில். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். நெய், பால்கோவா, பனீர் கூடாது. இந்தியாவிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் உள்ளே கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியம் விடாது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால் தேங்காய்க்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

அரிசி, தக்காளி, தயிர் எல்லாம் லிட்ல், பில்லா கடைகளில். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை போன்ற சில மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலமே வாங்கிவிடுங்கள். முட்டை தொடாத தோழிக்கு வெளியில் சாப்பாடு என்றால் புடாபெஸ்டில் லாங்கோஷ், பொரித்த ரொட்டி மேல் பூண்டும் சீஸும். மாவில் முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கடைக்குக் கடை கேட்கவேண்டும். பிராக்கில் கிடைக்கும் பொரித்த சீஸ் அவருக்கு ஆகாது, மேல்மாவு முட்டையில் தோய்த்தது. ஹங்கேரிய மொழியில் முட்டைக்கு 'தோயாஷ்', செக் மொழியில் 'வெய்ட்செ'. இரண்டையும் உள்ளூர் எழுத்தில் போனில் படமாக வைத்துக்கொண்டு காட்டுவது நல்லது, நம் உச்சரிப்பு அவர்களுக்குப் பிடிபடாது.